எல்க் வேட்டைக்கு எந்த ரவை? மெலிந்த தோளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் பொருந்துகிற பதில்

கேள்வி: நோர்வேயில் துறொண்டெலாக் பகுதியில் சால்மன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். வேட்டைத் தேர்வில் பாஸ் பண்ணிவிட்டேன். வேலையிடத்து நண்பர்கள் இந்த இலையுதிர்காலம் தங்கள் எல்க் (மிகப் பெரிய மான் வகை) வேட்டைக் குழுவில் சேரச் சொல்கிறார்கள். ஒருவர் 6.5×55 என்ற ரவை போதும் என்கிறார். இன்னொருவர் .308 என்கிறார். கடைக்காரரோ .300 வின்செஸ்டர் மக்னம் எடுத்தால் எதற்கும் யோசிக்கத் தேவையில்லை என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னுடைய பழைய .30-06 ஐ மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். நான் மெலிந்த ஆள், பெரிய துவக்குச் சுட்டுப் பழக்கமில்லை. இறைச்சியை என் மூன்று பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். எதை வாங்கலாம்?

பதில்: புதிதாக வாங்குவதானால் .308 வின்செஸ்டர் வாங்குங்கள். மக்னத்தை, அதாவது கூடுதல் மருந்து போட்ட பலமான ரவையை, விட்டுவிடுங்கள். 6.5×55 பற்றியும் பெரியவரின் துவக்கைப் பற்றியும் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் நண்பர்கள் யாரும் பேசாத ஒன்றைப் பேச வேண்டும்.

ரவை என்பது கோது, வெடிமருந்து, குழலிலிருந்து பறந்து போகும் சன்னம் எல்லாம் சேர்ந்தது. வாதம் எப்போதும் ரவையின் பெயரில்தான் நடக்கிறது. மிருகத்துக்குள் போவது சன்னம் மட்டும்தான். ஒரே .308 பெயரில் கடைத் தட்டில் பத்துப் பதினைந்து விதப் பெட்டிகள் இருக்கும். அவற்றில் சில எல்க்குக்கு அருமையானவை, சில தாள் குறிக்கு மட்டும் ஆனவை. ஆகவே பெட்டியைக் கையில் எடுத்து, சன்னத்தின் எடையையும் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் படியுங்கள்.

எடையில் சட்டம் உங்களுக்கு ஒரு கோடு போட்டுத் தந்திருக்கிறது. நோர்வேயில் எல்க், சிவப்பு மான், காட்டுக் கலைமான் ஆகியவற்றுக்கு விரியும் தன்மையுள்ள சன்னம் வேண்டும், குறைந்தது 9 கிராம். 9 முதல் 10 கிராம் வரை என்றால் 100 மீற்றரில் 2700 யூல் சக்தி இருக்க வேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 யூல் போதும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் அந்தந்த வருடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எண்களை வைத்துக்கொண்டு கடைத் தட்டைப் பார்த்தால் பல விஷயம் விளங்கும். 6.5×55 க்கு இங்கே 156 கிரெய்ன் (பெட்டிகளில் சன்னத்தின் எடைக்குப் போடும் அலகு) சன்னம் ஏன் இவ்வளவு பிரபலம்? அதன் எடை 10.1 கிராம். 10 கிராம் என்ற எல்லையை மயிரிழையில் தாண்டி, எளிய நிபந்தனைக்குள் வந்துவிடுகிறது. .270 இன் வழக்கமான 130 கிரெய்ன் சன்னம் 8.4 கிராம்தான், ஆகவே எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் கணக்கில் சேராது. இப்போது எல்லாரும் பேசும் 6.5 கிறீட்மூரின் 143 கிரெய்ன் 9.3 கிராம், நீளக் குழலில் 2700 ஐ எட்டலாம், குட்டைக் குழலில் தடுமாறும். .308 இல் 180 கிரெய்ன், அதாவது 11.7 கிராம் போட்டால் இந்தக் கவலை எதுவும் இல்லை. சைலென்சருக்காகக் குழலை 50 சென்ரிமீற்றராகக் குறைத்திருந்தாலும் தாராளமாகத் தாண்டும்.

அடுத்தது சன்னத்தின் உடல். நன்றாக வளர்ந்த ஆண் எல்க் 400, 500 கிலோ வரும். விலா எலும்பைத் தாண்டி இரண்டு நுரையீரலையும் கடந்து மறுபக்கத் தோல்வரை போக வேண்டும் என்றால், சன்னம் முனையில் காளான் மாதிரி விரியவும் வேண்டும், பின்பாதி உடையாமல் எடையைக் காக்கவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. 1946 இல் ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். இதே எல்க்தான், அங்கே அந்தப் பெயர். கையில் இருந்தது .300 எச் அண்ட் எச் மக்னம். சேறு காய்ந்து படிந்திருந்த ஒரு பெரிய ஆண் மூஸைத் திரும்பத் திரும்பச் சுட்டும் அது விழவில்லை. சன்னங்கள் தோலின் பக்கத்திலேயே உடைந்து சிதறியிருந்தன, உள்ளே போகவில்லை. வீட்டுக்குத் திரும்பிய நொஸ்லர் நடுவில் செம்புச் சுவர் வைத்த சன்னம் ஒன்றைச் செய்தார்: முன்னறை விரியும், பின்னறை அப்படியே துளைத்துக்கொண்டு போகும். 1948 இல் பார்ட்டிஷன் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது.

உங்கள் கடைக்காரருக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. நொஸ்லரிடம் சக்திக்குக் குறைவில்லை. அவருடைய சன்னம் அந்த வேகத்துக்குத் தாங்கவில்லை. துறொண்டெலாக் காடுகளில் நீங்கள் சுடப்போகும் தூரம் பெரும்பாலும் 100 மீற்றருக்குள், சில வேளை 40, 50 மீற்றர். அந்தக் கிட்டத்தில் மக்னம் சன்னம் உச்ச வேகத்தில் இருக்கும். மென்மையான சன்னமானால் சிதறும், முன்னங்கால் இறைச்சியில் பாதி இரத்தம் கட்டிக் குப்பைக்குப் போகும். மக்னத்தின் உண்மையான பயன் 300 மீற்றருக்கு அப்பால். அந்தத் தூரத்தில் நீங்கள் இந்த வருடம் சுடக்கூடாது.

அதைவிட முக்கியம் உதை. ஒரே எடையுள்ள துவக்கில் .300 வின்செஸ்டர் மக்னம் .308 ஐப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உதைக்கும். புதிதாகச் சுடுபவர் அதை நான்கு ஐந்து சூட்டுக்குத் தாங்குவார். அப்புறம் விசையை இழுக்கும் கணத்தில் கண் மூடும், தோள் சுருங்கும், சன்னம் தாழப் போகும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவது மிகவும் கஷ்டம். பெரிய ரவை தவறான இடத்தில் பட்டால் அதன் பெரிய சக்தி எதற்கும் உதவாது; வயிற்றில் அடிபட்ட எல்க் இரவு முழுக்க வேதனையோடு நடக்கும். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் மிருகத்துக்கு நாம் கடமைப்பட்டது சீக்கிரமான சாவுதான்.

சரி, 6.5×55. சுவீடனும் நோர்வேயும் ஒரே அரசனின் கீழ் இருந்த 1894 இல் இரு நாட்டுப் படைகளுக்குமாக உருவாக்கிய ரவை இது. நூறு வருடத்துக்கு மேலாக இந்த இரண்டு நாட்டிலும் எல்க்கை விழுத்தி வருகிறது. உதை மிகவும் குறைவு. உங்கள் நண்பர் சொல்வதில் பிழை இல்லை. ஊருக்கு ஊர் இருக்கும் சூட்டுக் கழகங்களில் இதையும் .308 ஐயும் சுடுவதால் இரண்டுக்கும் பயிற்சி ரவை சுலபமாகக் கிடைக்கும். பெரியவர்கள் மட்டும் சாப்பிடும் வீடு என்றால் இதையே முதலில் சொல்லியிருப்பேன்.

பிள்ளைகளை நினைத்துத்தான் .308 பக்கம் சாய்கிறேன். ஈயச் சன்னம் எலும்பில் படும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இறைச்சியில் பரவும். நோர்வேயின் உணவுப் பாதுகாப்பு அறிவியல் குழு 2013 இல் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் ஈயத்தால் சுட்ட இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது. ஆகவே உங்களுக்கு முழுச் செம்புச் சன்னம் வேண்டும். லபுவா நச்சுராலிஸ், பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் போன்றவை. அவை உடையாமல் இதழ் விரித்துத் துளைத்துப் போகும்; ஆனால் செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் அதே நீளத்துக்கு எடை குறையும். 6.5 இல் செம்பு போட்டு 9 கிராமை எட்டுவதே பாடாக இருக்கும். .308 இல் 165 கிரெய்ன் செம்பு 10.7 கிராம், பிரச்சினை முடிந்தது. செம்பு சரியாக விரிய வேகமும் வேண்டும், ஆகவே 200 மீற்றருக்கு மேல் யோசிக்காதீர்கள்.

ஈயமே வாங்குவதானால், மேலுறையோடு உருக்கி ஒட்டியதாக இருக்கட்டும். நோர்மா ஒரிக்ஸ் அந்த வகை. காயத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்தை, ஒரு அடி அளவுக்கு, இரக்கம் பார்க்காமல் வெட்டி எறியுங்கள்.

துவக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது நிறைய. பெருவிலங்குச் சூட்டுத் தேர்வு வருடாவருடம் உண்டு: 100 மீற்றரில் மிருக உருவத்தின் மேல் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து சூடும் விழ வேண்டும், அதற்கு முன் 30 பயிற்சிச் சூடு. முப்பது உங்களுக்குப் போதாது. கோடை முழுக்க வாரம் ஒரு மாலை போங்கள். உட்கார்ந்து, முழங்காலிட்டு, தடியில் சாய்ந்து சுட்டுப் பழகுங்கள். மேசையில் வைத்துச் சுடுவது ஸ்கோப்பைச் சரிபார்க்க மட்டும். வேட்டைக்கு எடுத்துப் போகும் அதே பெட்டி ரவையால் 100 மீற்றரில் சரிபாருங்கள். 150 மீற்றரில் ஐந்தாறு சென்ரிமீற்றர் தாழும், எல்க்கின் நெஞ்சுக்கு அது ஒரு பொருட்டல்ல. பயிற்சி ரவையும் வேட்டை ரவையும் வேறு வேறு இடத்தில் விழும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்றைப் புதியவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இரண்டு நுரையீரலும் துளைபட்ட எல்க் பல தடவை ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். தலையைக் கூடத் திருப்பாது. குறி தவறிவிட்டது என்று நினைத்துத் துவக்கை இறக்காதீர்கள். உடனே அடுத்த ரவையை ஏற்றி, அதே இடத்தில், முன்னங்காலுக்குப் பின்னால், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் மறுபடி சுடுங்கள். விழும்வரை சுடுவதுதான் இங்கே முறை. ஓடிவிட்டால் பின்னால் ஓடாமல் குழுத் தலைவரிடம் சொல்லுங்கள். தடம் பிடிக்கும் அங்கீகரித்த நாயை நான்கு மணித்தியாலத்துக்குள் கொண்டுவர ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது விதி.

கடைசியாகப் பெரியவரின் .30-06. 1906 இல் அமெரிக்க இராணுவத்துக்கு வந்த ரவை, .308 போடும் அதே விட்டமுள்ள சன்னத்தைக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் தள்ளும், கொஞ்சம் கூடுதலாக உதைக்கும். எல்க்குக்குத் தாராளம். வாங்குமுன் சூட்டுத் திடலுக்குக் கொண்டுபோய் அவர் முன்னாலேயே சுட்டுப் பாருங்கள். குழலுக்குள் வெளிச்சம் பிடித்துத் துருக்குழி இருக்கிறதா என்று பாருங்கள். பின்கட்டை உங்கள் தோளுக்கு நீளமாக இருந்தால் உதை இரட்டிப்பாகத் தெரியும், ஆகவே கட்டையை வெட்டிக் குறைக்க அவர் சம்மதித்த பிறகுதான் விலை பேசுங்கள். குழல் நுனியில் சைலென்சருக்கு மரை போட்டிருக்காவிட்டால் துவக்குத் திருத்துபவரிடம் அந்தச் செலவைக் கேட்டு விலையோடு கூட்டிப் பாருங்கள். கூட்டிய தொகை புதிய .308 இன் பாதிக்குள் வந்தால் பெரியவரிடமே வாங்குங்கள். பொலிஸ் அனுமதிக்கு நாள் எடுக்கும் என்பதால் விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள்.