மரபணுப் பரிசோதனையால் வரப்போகும் நோய்களை முன்கூட்டியே அறிய முடியுமா?

எந்த நோயைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூளை நரம்பு செல்களைப் படிப்படியாகச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் ஒரே மரபணுவின் கோளாறு. அதில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து டிஎன்ஏ தொடர் 40 முறையோ அதற்கு மேலோ திரும்ப வந்தால், வழக்கமான ஆயுட்காலத்துக்குள் நோய் வந்தே தீரும். இவ்வளவு உறுதியான கணிப்பு அபூர்வம். பிஆர்சிஏ1 மரபணுவில் தீங்கான மாற்றம் உள்ள பெண்களில்கூட, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது சுமார் 70 சதவீதத்தினருக்குத்தான்.

சர்க்கரை நோய், மாரடைப்பு ஆகியவற்றின் கதையே வேறு. எண்ணற்ற மரபணு மாற்றங்கள் துளித்துளியாய்ப் பங்களிக்கின்றன. உணவு, புகைப்பழக்கம், வயது எல்லாம் அதன்மேல் சேர்கின்றன. மரபணு மாற்றங்களைக் கூட்டித் தரும் மதிப்பெண் வெறும் நிகழ்தகவு. அதுவும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளிலிருந்து உருவானது; மற்றவர்களுக்குத் துல்லியம் குறைகிறது. விளம்பரங்கள் இதை உரக்கச் சொல்வதில்லை.

என்னைக் கேட்டால், மரபணுப் பரிசோதனையின் பயன் பளிச்சென்று தெரிவது மருந்துத் தேர்வில்தான். எச்எல்ஏ-பி*1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு, வலிப்புக்குத் தரப்படும் கார்பமசெபைன் உயிருக்கே ஆபத்தான தோல் பாதிப்பை உண்டாக்கக்கூடும். பரிசோதனையில் அது தெரிந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவர் வேறு மருந்துக்கு மாறிவிடலாம்.