நிபுணர் ஆலோசனை: ஜூமில் இன்டர்வியூ என்றால் வாய்ப்பு குறையுமா?

கேள்வி: மகள் சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபடியே பெறும் மேல்பயிற்சிக்கு, விண்ணப்பித்திருக்கிறாள். 4 இன்டர்வியூ வந்திருக்கிறது. 3 ஜூமில், 1 நேரில். "நேரில் முகம் காட்டினால்தான் இடம்" என்று ஒரு கன்சல்டன்சி 4 ஊருக்கும் சேர்த்து பேக்கேஜ் சொல்கிறது. கட்டலாமா? - ஒரு தாய், கொளத்தூர்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஜூமில் மட்டுமே நடத்தும் இடத்தில் எல்லோருக்குமே ஜூம்தான். பாஸ்டனில் இருக்கும் பையனும் உங்கள் மகளும் ஒரே அளவு கட்டத்துக்குள்தான் தெரிவார்கள். 2020-இல் கொரோனாவால் வந்த இந்த முறையைப் பல புரோகிராம்கள் (ரெசிடென்சி நடத்தும் ஆஸ்பத்திரிகள்) இன்னும் விடவில்லை. கூப்பிடாத ஊருக்குப் போய் நின்றால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

அந்தக் கன்சல்டன்சி விற்பது பெரும்பாலும் 'செகண்ட் லுக்'காக இருக்கும். இன்டர்வியூ முடிந்தபின் விருப்பப்பட்டால் ஆஸ்பத்திரியைப் போய்ப் பார்த்து வருவது, அவ்வளவுதான். "உள்ளே ஆள் இருக்கிறார், மேட்ச்சுக்கு வெளியே சீட்" என்றும் அடுத்து சொல்வார்கள். மேட்ச் என்பது விண்ணப்பித்தவர்கள், புரோகிராம்கள் இரு தரப்பின் விருப்பப் பட்டியலையும் பொருத்திப் பார்த்து இடம் ஒதுக்கும் முறை. அதில் சேர்ந்த புரோகிராம் தன் இடங்களை மேட்ச் வழியாகத்தான் நிரப்ப வேண்டும் என்பது விதி. லேப்டாப்புக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்து பதில் எடுத்துக் கொடுப்பார் என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். பிடிபட்டால் போவது மகளின் பெயர், அவர்களுடையது அல்ல.

நேரில் கூப்பிட்ட அந்த ஓர் இடத்துக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் முதலில் அந்த புரோகிராமின் ஒருங்கிணைப்பாளருக்கு மெயில் போட்டு, ஜூம் வசதி உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் தவறில்லை. சில இடங்களில் இரண்டும் உண்டு என்பார்கள். இங்கேதான் யோசிக்க வேண்டும். நேரில் வந்தவர் மதியம் ரெசிடென்ட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார், அது பார்த்தவர்கள் மனதில் நிற்கும். அதனால் விசா கையில் இருந்து, டிக்கெட்டுக்குக் கடன் வாங்க வேண்டாம் என்றால் போகட்டும். விசா இல்லையென்றால் ஜூமையே எடுக்கட்டும். விசா ஸ்லாட்டை (தூதரக நேர்காணலுக்கான நேர ஒதுக்கீடு) நம்பி இன்டர்வியூ தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். 185 டாலர் விசா கட்டணம், மறுத்தாலும் திரும்பி வராது. சில வாரம் முன்னால் "நேரில் வா" என்று மெயில் அனுப்புகிறவர்கள், இங்கே ஒரு பெண் ஸ்லாட்டுக்காக ராத்திரியெல்லாம் கண்விழிப்பதை ஏன்தான் யோசிப்பதில்லையோ!

பேக்கேஜ் பணத்தில் கொஞ்சத்தை வீட்டில் செலவிடுங்கள். இன்டர்வியூ சீசனும் நம் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா? மெயினை அணைத்துப் பாருங்கள், ஃபேன் மட்டும் சுற்றி ரவுட்டர் செத்துக் கிடக்கும் வீடுகள் நிறைய.

அப்புறம் நேரம். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது அதுவரை நமக்கு மாலை 6.30, அதன்பின் 7.30. ஒருங்கிணைப்பாளரின் போன் நம்பரைத் தாளில் எழுதி வையுங்கள், ஒரு சிம்மில் ஐ.எஸ்.டி. ரீசார்ஜும் போட்டுவிடுங்கள்.