பிரமால் லேன் மைதானத்தில் கிரிக்கெட் ஏன் நின்றுபோனது?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள பிரமால் லேன் இன்று ஷெஃபீல்டு யுனைடெட்டின் கால்பந்து மைதானம்தானே, அங்கே எப்படி டெஸ்ட் போட்டி நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: அது பிறந்ததே கிரிக்கெட்டுக்காகத்தான். நார்ஃபோக் பிரபுவின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து 1855-இல் ஆடத் தொடங்கினார்கள். கால்பந்து 1862-இல் விருந்தாளியாக நுழைந்தது; கடைசியில் வீட்டுக்காரரையே வெளியேற்றிவிட்டது.

எனக்குப் பிடித்த காட்சி 1878 அக்டோபர் 14 இரவுதான். நான்கு மூலைகளிலும் மரக் கோபுரங்கள், உச்சியில் மின்விளக்குகள். நீராவி எஞ்சின்கள் டைனமோக்களைச் சுழற்ற, அந்த வெளிச்சத்தில் கால்பந்து. மின்விளக்கையே பார்த்திராத கூட்டம் பந்தைப் பார்த்ததா, விளக்கைப் பார்த்ததா!

நீங்கள் கேட்ட டெஸ்ட் 1902-இல் நடந்தது. ஆஸ்திரேலியா இங்கிலாந்தை 143 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. அதன்பின் அங்கே வேறு டெஸ்ட் இல்லை.

சிக்கல் வடிவத்தில் இருந்தது. கிரிக்கெட்டுக்கு அகன்ற வெளி வேண்டும். கால்பந்து ரசிகருக்குக் கோட்டருகே இருக்கை வேண்டும். அதனால் மூன்று பக்கம் அரங்கு, நான்காவது பக்கம் வெறும் புல்வெளி என்று பல பத்தாண்டுகள் ஓடின. முதல் டிவிஷனில், அதாவது அன்றைய உச்சப் பிரிவில் ஆடிய கால்பந்து கிளப்புக்கு அது கட்டுப்படியாகவில்லை. 1973 ஆகஸ்டில் யார்க்‌ஷயரும் லங்காஷயரும் (இரண்டும் கவுண்டி, அதாவது மாவட்ட அணிகள்) அங்கே கடைசியாகக் கிரிக்கெட் ஆடின. 1975-இல் அந்தப் புல்வெளியின் மேல் தெற்கு அரங்கம் எழுந்தது.