கடலில் மூழ்கிய நோட்டைக் கழுவலாமா?

நாகர்கோவில் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “1918-ல் மூழ்கிய ‘ஷிராலா’ கப்பலில் இருந்து மீண்டது என்று சொல்லி ஒரு பத்து ரூபாய் நோட்டை நாணயக் கண்காட்சியில் வாங்கினேன். ஓரங்களில் பழுப்புக் கறை. மழைக்காலத்தில் தொட்டால் பிசுபிசுக்கிறது. தெரிந்த வியாபாரி கழுவி, இஸ்திரி போட்டு, லேமினேட் செய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். அவர் சொன்ன மூன்றுமே தப்பு. அதிலும் லேமினேஷன் திரும்பிவர முடியாத தப்பு. சூடாக்கிய பிளாஸ்டிக்கும் பசையும் காகிதத்தோடு ஒட்டிவிட்டால் பிறகு நோட்டுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது அரிது. உள்ளே இருக்கும் உப்பும் ஈரமும் அங்கேயே சிறைப்பட்டுக் கிடந்து நோட்டைத் தின்னும்.

பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் உப்புதான். அடைமழையில் அடுக்களை உப்பு ஜாடி கசியும் அல்லவா, அதே கதை. கடலுப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைகிறது. வெயில் வந்ததும் உலர்ந்து மறுபடி படிகமாகிறது. அந்தப் படிகங்கள் வளரும்போது காகித நாரை உள்ளிருந்தே நெம்பி உடைக்கின்றன. வருஷத்துக்கு வருஷம் இது நடந்தால், பார்க்க நன்றாக இருக்கும் நோட்டு ஒருநாள் மடிப்பில் அறுந்துபோகும்.

உப்பை எடுக்க நீர் வேண்டும், வாஸ்தவம். ஆனால் அது காய்ச்சி வடித்த நீர். நோட்டுக்கு அடியில் பாலியெஸ்டர் தாள் தாங்கியிருக்க, நீரை மாற்றி மாற்றி, அதில் உப்பு இறங்குவது நிற்கும்வரை அளந்து பார்த்துச் செய்கிற வேலை. வியாபாரிகள் ‘கழுவுவது’ என்றால் பல இடங்களில் பிளீச்சிங் பவுடர்தான். என்னிடம் ஒருவர் அப்படிக் கழுவிய நோட்டைக் கொண்டுவந்தார். வெள்ளைவெளேர் என்று இருந்தது. மூன்றே வருஷத்தில் நடு மடிப்பில் இரண்டாகிவிட்டது. தரம் பார்க்கும் நிறுவனங்களும் கழுவி அழுத்திய நோட்டைக் கண்டுபிடித்துத் தரத்தைக் குறைப்பார்கள். காசும் போச்சு, காகிதமும் போச்சு.

இதில் ஒரே ஒரு விஷயத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்லியே ஆக வேண்டும். நோட்டில் பேனாவால் போட்ட கையெழுத்தோ, ரப்பர் முத்திரையோ, பென்சில் குறிப்போ இருந்தால் நல்ல நீர்கூடப் படக்கூடாது. அச்சு மை எண்ணெய் மை, பெரும்பாலும் தாங்கும். முத்திரையின் ஊதா மை தாங்காது, நொடியில் பரவிவிடும். பென்சில்தானே என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். பழைய குமாஸ்தாக்கள் எழுதிய காப்பியிங் பென்சில் உலர்ந்திருக்கையில் சாதாரணப் பென்சில் போலச் சாம்பலாகத்தான் தெரியும். ஈரம் பட்டதும் ஊதாவாகப் பொங்கும். மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். அந்தச் சொட்டே ஒரு வளையக் கறையை விட்டுவிடும். அதனால் பூதக்கண்ணாடியில் இரு பக்கமும் பாருங்கள். முன்பின் தெரியாத எந்தக் கிறுக்கல் இருந்தாலும் உப்பு அப்படியே இருக்கட்டும், நீர் வேண்டாம்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? வாங்கியபோது பிவிசி என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் வந்திருந்தால், அதை இன்றைக்கே கழற்றுங்கள். பிசுபிசுப்பில் பாதி அதனுடையதாகவும் இருக்கலாம். பாலியெஸ்டர் உறையில் போட்டு, மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு தட்டையாக வையுங்கள். ஜெல் ஈரமானதும் மாற்றுங்கள். அந்துருண்டை வேண்டாம். வெயில் காட்டவும் வேண்டாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அந்தக் கறையை நம்பித்தான் இது கப்பல் நோட்டு என்று வாங்கினீர்களா? லண்டனிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்ட ஷிராலாவை 1918 ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி இங்கிலாந்தின் தென்கரை அருகே மூழ்கடித்தது. நோட்டுக் கட்டுகள் கரை ஒதுங்கின. கையெழுத்து அச்சாகாத 5, 10 ரூபாய் நோட்டுகளும், கையெழுத்துள்ள 1 ரூபாய் நோட்டுகளும் அவற்றில் இருந்தன. பெரும்பாலானவற்றை அதிகாரிகள் மீட்டு அழித்துவிட்டார்கள், தப்பியவை சொற்பம். 2024-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்த இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள் 1918 மே 25 தேதியிட்டவை. அவை நல்ல நிலையில் இருந்தன. கட்டின் நடுவில் இறுக்கமாக இருந்ததால் உப்புநீர் அவற்றை எட்டியிருக்காது. தவிர, அந்தக் காலத்து நோட்டுக் காகிதம் கந்தல்துணி நாரில் செய்தது. செய்தித்தாளாக இருந்தால் கூழாகியிருக்கும். 1922-ல் பிரான்ஸ் அருகே மூழ்கிய ‘எகிப்து’ கப்பலில் இருந்த ஐதராபாத் நிஜாம் அரசின் நோட்டுகள்கூட சுமார் பத்து வருஷம் கடலடியில் கிடந்துதான் வெளியே வந்தன.

ஆக, கறை எதற்கும் சான்று இல்லை. சாதாரணப் பழைய நோட்டை டீ டிகாஷனிலும் உப்பு நீரிலும் ஊறவைத்தால் இதே கறை வரும். உங்கள் நோட்டின் தேதியையும் அச்சான கையெழுத்து இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். இன்னொரு கூட்டம், ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி, பழைய நோட்டை விற்றுத் தருகிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள் என்று கேட்கும். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இது மோசடி என்று எச்சரித்துவிட்டது.

நியாயமாகச் சரிபார்க்கலாம் என்றால் அதற்கும் வழி சுலபமில்லை. ஒருமுறை இப்படி ஒரு நோட்டோடு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். நாலு மேசை சுற்றி, கடைசியில் முதல் மேசைக்கே அனுப்பினார்கள். தரம் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று தரகர்கள் சொல்வார்கள். நூறு வருஷம் கடந்த பொருள் 1972-ம் வருஷத்துத் தொல்பொருள், கலைப்பொருள் சட்டப்படி தொல்பொருளாகக் கணக்காகலாம்; தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. சிக்கினால் தரகர் வரமாட்டார், நீங்கள்தான் போக வேண்டும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. உங்கள் நோட்டைப் பார்ப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள், கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி ரசீதையும், விற்றவர் ‘ஷிராலா’ என்று சொன்னதை அவர் கையாலேயே எழுதி வாங்கிய காகிதத்தையும் வேறொரு உறையில் வையுங்கள். எழுதித் தர மறுத்தால், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.