வங்கி நோட்டீஸ் வந்த வீட்டை உரிமையாளரிடமே வாங்கலாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் ஒரு வீட்டை 58 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். வீட்டுக்கடன் பாக்கி 34 லட்சம். தவணை நின்றதால் வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. "35 லட்சம் அட்வான்ஸ் கொடுங்கள், கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டுத் தருகிறேன்" என்கிறார் உரிமையாளர். கொடுக்கலாமா?

பதில்: வீட்டை வாங்கலாம். ஆனால் அந்த 35 லட்சத்தை அவர் கையில் கொடுக்கவே கூடாது.

வந்திருப்பது சர்ஃபேசி சட்டம் 13(2) பிரிவின்படியான நோட்டீஸ். கடன் பாக்கிக்காக அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம் அது. நோட்டீஸ் கைக்கு வந்தபின் வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கக் கூடாது என்கிறது அதன் 13(13) பிரிவு. வில்லங்கச் சான்றிதழில் பத்திரம் அடமானம் வைத்த பதிவு தெரியும். இந்த நோட்டீஸ் தெரியாது. பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். நோட்டீஸ் நகலை வாங்கித் தேதியைப் பாருங்கள். ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை அவருக்கு உண்டு. 2016 திருத்தம் சொன்ன இதை 2023இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அறிவிப்பு வந்துவிட்டால் நீங்கள் ஏலத்தில்தான் கேட்க வேண்டியிருக்கும்.

அடுத்து, உரிமையாளரோடு கிளைக்குப் போய்க் கடன் முடிப்புக் கடிதம் கேளுங்கள். குறிப்பிட்ட தேதி வரையிலான மொத்தத் தொகை, அதன்பின் ஒரு நாளுக்கு எவ்வளவு வட்டி, சட்டச் செலவு, வங்கியிடம் உள்ள மூலப் பத்திரங்களின் பட்டியல் எல்லாம் அதில் இருக்கட்டும். இதே வீட்டை வைத்து அவருக்குத் தொழில் கடனோ, வேறொருவர் கடனுக்கு ஜாமீனோ இருக்கிறதா என்றும் எழுதி வாங்குங்கள். அப்படி இருந்தால் 34 லட்சம் கட்டியும் பத்திரம் வெளியே வராது. அடமானங்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவகமான செர்சாயின் தளத்திலும் தேடிப் பாருங்கள்.

வங்கியின் சம்மதக் கடிதம் கிடைத்ததும் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். பவர் பத்திரம் மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கடன் தொகைக்கு, வங்கியின் பெயரில் கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு டிடி எடுங்கள். கடன் தீர்ந்ததும் வங்கி அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்து தர வேண்டும். அதற்குச் சில நாள் ஆகலாம்; அந்த இடைவெளியில் உங்களைக் காப்பது பதிவான ஒப்பந்தம்தான். மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி; தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. அவற்றை உங்களிடமே ஒப்படைக்கும்படி உரிமையாளரிடம் முன்கூட்டியே கடிதம் வாங்கி வங்கியில் கொடுத்துவிடுங்கள்.

மீதி 24 லட்சத்தைக் கிரயப் பத்திரம் பதிவாகும் நாளில், வீட்டைக் காலி செய்து சாவி தந்தபின் கொடுங்கள். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீதம், அதாவது 58,000 ரூபாய், டிடிஎஸ் (விற்பவர் பெயரில் நீங்கள் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும். வங்கிக்குக் கட்டும் தொகையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால், அந்த 58,000 ரூபாய் முழுவதையும் மீதித் தொகையிலிருந்து கழிப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.