பென்சில் முனையில் மின்சாரம் ஓடுகிறதே, கார்பன் உலோகமா?

கேள்வி: பளபளப்பும் மின்கடத்தலும் இருந்தால் உலோகம் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் பென்சில் முனையைப் பேட்டரியோடும் எல்.இ.டி. பல்போடும் இணைத்தாள், பல்பு எரிந்தது. பாடத்திலோ கார்பன் அலோகம் என்றிருக்கிறது. எதை வைத்துத்தான் பிரிப்பது?

பதில்: மகள் செய்த சோதனையில் தப்பில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த விதிதான் அரைகுறை.

பென்சில் முனை என்பது களிமண் கலந்த கிராஃபைட். கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பன் அணுவும் மூன்று அணுக்களோடு மட்டும் கைகோத்திருக்கும். மிச்சமுள்ள நான்காவது எலக்ட்ரான் அந்த அடுக்குக்குள் உலாவும். பல்பை எரியவைத்தது அதுதான். வைரமும் கார்பன்தான், ஆனால் அங்கே நான்கு எலக்ட்ரான்களும் பிணைப்பில் மாட்டிக்கொண்டதால் மின்சாரம் ஓடாது. ஒரே தனிமம், அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மாறினால் குணமும் மாறுகிறது. அதனால் மின்கடத்தலை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் சுத்தியல். செம்பைத் தட்டினால் தகடாகும், கிராஃபைட் நொறுங்கும். அப்புறம் ஆக்சைடு, அதாவது தனிமம் ஆக்சிஜனோடு சேர்ந்து உருவாகும் பொருள். கார்பன் எரிந்து வரும் வாயுவை நீரில் கரைத்தால் நீல லிட்மஸ் லேசாகச் சிவக்கும். உலோகமான சோடியத்தின் ஆக்சைடோ சிவப்பு லிட்மஸை நீலமாக்கும். இவற்றுக்கும் விலக்கு உண்டு: பிஸ்மத் உலோகம், ஆனாலும் நொறுங்கும். பாதரசத்தைத் தட்டவே முடியாது. அதனால் இரண்டு மூன்று குணங்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

சரி, உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்ட குணமுள்ள உலோகப்போலிகள்? சிலிக்கானைப் பார்த்தால் அச்சு அசலாக உலோகம் மாதிரியே மின்னும், தட்டினால் சிதறும். வேஷம் கலைவது சூடேற்றும்போது. செம்பில் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே சுதந்திரமாகத்தான் இருக்கின்றன. சூட்டில் அணுக்கள் அதிர்ந்து அவற்றுக்குக் குறுக்கே நிற்பதால் கடத்தல் குறையும். சிலிக்கானில் சூடுதான் எலக்ட்ரான்களையே விடுவிக்கிறது, அதனால் கடத்தல் கூடும்.

போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆண்டிமனி, டெலூரியம் ஆகிய ஆறும் வழக்கமான பட்டியல். பொலோனியம், அஸ்டடைன் விஷயத்தில் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். இரண்டு புத்தகங்கள் முரண்பட்டால் குழம்ப வேண்டாம், உலோகப்போலிக்குக் கறாரான வரையறை கிடையாது.

தேர்வுக்கு, தனிம வரிசை அட்டவணையில் போரானிலிருந்து படிக்கட்டு போல இறங்கும் கோடு கைகொடுக்கும். ஆனால் அதை ஒட்டியிருப்பதெல்லாம் உலோகப்போலி என்று சொல்லிவிடாதீர்கள். அலுமினியமும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கிறது, அது உலோகம்.