லேனா ஆறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சைபீரியாவின் லேனா ஆறு பைக்கால் ஏரியிலிருந்து புறப்படுகிறது என்று படித்தேன். சரிதானா, ஐயா?

பதில்: சரியன்று. ஏரியின் மேற்குக் கரையை ஒட்டிய மலைத்தொடரில், ஏரிக்கு மிக அருகிலேயே அது பிறக்கிறது. ஆயினும் இடையில் மலைமுகடு நிற்பதால் ஏரி நீர் அதில் சேர்வதில்லை. அந்நீர் அங்காரா என்னும் ஆற்றின் வழியாக எனிசேய் ஆற்றுக்குப் போய்விடுகிறது. லேனாவோ ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர் ஓடி, ஆர்க்டிக் பெருங்கடலின் ஒரு பகுதியான லாப்தேவ் கடலை அடைகிறது.

கேள்வி: மழைக்காலம் அல்லாத மே மாதத்தில் அங்கு ஏன் பெருவெள்ளம் வருகிறது?

பதில்: லேனாவைப் புரிந்துகொள்ள இதுவே முதன்மையான கேள்வி என்பேன். ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. வெயில் முதலில் தெற்கில் ஏறுவதால், தலைப்பகுதியில் உருகிய நீர் திரண்டு வரும்போது கீழ்ப்பகுதி இன்னும் உறைந்தே கிடக்கிறது. உடைந்த பாளங்கள் வளைவுகளிலும் தீவுகளின் இடுக்குகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அடைத்துக்கொள்ள, ஆற்றின் குறுக்கே பனிக்கட்டி அணையொன்று தானாகவே எழுந்துவிடுகிறது. பின்னால் தேங்கும் நீர் சில மணி நேரத்திலேயே கரைகடந்து ஊருக்குள் புகும். 2001 மே மாதத்தில் லென்ஸ்க் நகரம் இப்படித்தான் மூழ்கியது. விமானங்களிலிருந்து குண்டு வீசிப் பனிக்கட்டியை உடைக்க முயன்றும் நகரைக் காக்க முடியவில்லை என்பது இன்றும் மனத்தை வருத்துகிறது. ஆண்டு முழுவதும் கடலில் சேரும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஜூன் மாதம் ஒன்றிலேயே பாய்ந்துவிடுகிறது.

கேள்வி: யாகுட்ஸ்க் நகருக்கு ரயில் போகிறதா?

பதில்: லேனாவின் எதிர்க்கரையிலுள்ள நீஷ்னி பெஸ்த்யாக் என்னும் ஊர் வரை போகிறது. அங்கே ஆற்றின் மேல் பாலம் இல்லை. நெடுங்காலம் பேசப்பட்ட பாலத்தின் வேலை அண்மையில்தான் தொடங்கியது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மீதே லாரிகள் ஓடும் பனிச்சாலை. பனி போதிய கனம் பெறாத இலையுதிர்கால வாரங்களிலும், அது உடையும் வசந்தகால வாரங்களிலும் கனரகப் போக்குவரத்து நின்றுவிடும்.

கேள்வி: மழை மிகக் குறைந்த அந்த நாட்டில் இவ்வளவு பெரிய ஆறு எப்படி?

பதில்: ஏறக்குறைய 25 லட்சம் சதுர கிலோமீட்டர் வடிநிலம் ஒரு காரணம். நிலம் நீரைக் குடிப்பதில்லை என்பது மற்றொன்று. ஷெர்கின் என்ற வணிக நிறுவன ஊழியர் 1828 இல் யாகுட்ஸ்கில் கிணறு வெட்டத் தொடங்கினார். 116 மீட்டர் ஆழம் போன பிறகும் மண் உறைந்தே இருந்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. கோடையில் மேலாக ஒன்றிரண்டு மீட்டர் மண்தான் இளகுகிறது. உருகிய நீர் கீழிறங்க வழியின்றி ஆற்றை நோக்கியே ஓடுகிறது.

கேள்வி: முகத்துவாரம் எப்படி இருக்கும்?

பதில்: ஸ்தோல்ப் என்னும் பாறைத்தீவின் அருகே ஆறு விசிறியாகப் பிரிகிறது. அங்கிருந்து கடல் வரை, ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டரில், கிளையாறுகளும் சிறு ஏரிகளும் தாழ்ந்த தீவுகளுமே. மரம் ஒன்றும் கிடையாது.